தங்கச்சியின் கடலும் என் கிரானி பிளாட்டும்

எங்கள் ஆட்கள் கனடாவுக்குப் போகிறோம் என்றால் ரொறொன்ரோவுக்குப் போகிறோம் என்று அர்த்தம். ரொறொன்ரோவுக்குப் போவதென்றால் ஒரு கலியாண வீடு, இரண்டு செத்த வீட்டு விசாரிப்பு, மிச்ச நாளெல்லாம் வீடு வீடாக ரோல்ஸும் தேநீரும். திரும்பி வந்தவரை இங்கே சிட்னியில், வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனடிக் கடையில் கண்டு "கனடா எப்பிடி?" என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாரும் சுகமா இருக்கினம்" என்பார். நாட்டைப் பற்றிக் கேட்டால் ஆட்களைப் பற்றிப் பதில் வரும். நானும் அப்படி இரண்டு தரம் போய்வந்தவன்தான். நயாகராவில்கூட ஒரு சொந்தக்காரரைக் கண்டு, அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரை மணித்தியாலம் கதைத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் தரம் போனது நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துக்கு. ரொறொன்ரோவிலிருந்து இன்னும் இரண்டு மணித்தியாலம் கிழக்கே பறக்க வேண்டும். அட்லாண்டிக் கடலோர மாகாணம். ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டும் அரச மொழிகள். அங்கே மொங்க்டன் என்ற ஊரில் என் தங்கச்சி இருக்கிறாள்.

அவள் கலியாணம் முடித்து அங்கே போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது. மச்சானுக்கு அந்த ஊரில் வேலை கிடைத்தது, போனார்கள், இருந்துவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. இரண்டு வருடத்துக்கு முதல் மச்சான் மாரடைப்பில் போய்விட்டார். அப்போது எனக்கு முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து நாலு நாள். செத்த வீட்டை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி ஃபோனில்தான் பார்த்தேன். நாலைந்து வெள்ளைக்காரருக்கு நடுவில் என் தங்கச்சி தனியாக நின்றாள். அந்தக் காட்சி என்னை விட்டுப் போகவில்லை.

எனக்கு ஒன்று மனதைக் குடைந்தால் சும்மா இருக்க மாட்டேன். எதையாவது கட்டுவேன், அல்லது இடிப்பேன். கிரவீனில் எங்கள் வீட்டுப் பின்வளவில், மனைவியின் கத்தரிக்காய்ப் பாத்தி இருந்த இடத்தில், தங்கச்சிக்கென்று ஒரு குட்டித் தனிவீடு, கிரானி பிளாட், கட்டினேன். ஒரு படுக்கை அறை, ஒரு குளியலறை, சின்னக் குசினி. அவள் குள்ளம் என்பதால் குசினி மேசையை உயரம் குறைத்துப் போடச் சொன்னேன். கட்டுகிற ஆள், பிறகு வாடகைக்கு விடுவது கஷ்டம் என்றான். சொன்னதைச் செய் என்றேன்.

"அவவைக் கேட்டனீங்களோ?" என்று என் மனைவி கேட்டாள்.

"என்ன கேக்கிறது? கட்டி முடிச்சுப்போட்டுச் சொன்னா வருவாள்தானே."

கேட்டுச் செய்வது எங்கள் குடும்பத்துப் பழக்கம் இல்லை. அப்பா என்னைக் கேட்காமல் என்னைப் பள்ளிக்கூடம் மாற்றினார். நான் தங்கச்சியைக் கேட்காமல் அவளுக்குச் சைக்கிள் வாங்கினேன், அவளுக்கு அப்போது சைக்கிள் ஓடவே தெரியாது. நல்ல காரியம் என்றால் முடித்துவிட்டுத்தான் அறிவிப்போம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரு காரியமாக ஒரு வீட்டுக்குப் போனால் வந்த கதையை வந்த உடனே எடுக்கக் கூடாது. முதலில் சாப்பிட வேண்டும். பிறகு ஊர் பார்க்க வேண்டும். யார் யாருக்கு என்ன வருத்தம் என்று கதைக்க வேண்டும். கடைசியில், செருப்பைப் போடும்போது, 'அதுசரி...' என்று தொடங்க வேண்டும். நான் இரண்டு வாரத்துக்குப் போனேன். பத்தாம் நாள் கதையை எடுப்பது என்று விமானத்திலேயே முடிவெடுத்தேன். ஃபோனில் கிரானி பிளாட்டின் படங்கள் இருபது வைத்திருந்தேன். பேரனைப் பள்ளிக்கூடத்தில் ஏற்றி இறக்க ஆள் வேண்டும் என்று மனைவி வரவில்லை.

மொங்க்டன் விமான நிலையம் சின்னது. வெளியே வந்ததும் தங்கச்சி நின்றாள். நன்றாக மெலிந்திருந்தாள். என்னைக் கட்டிப் பிடித்துவிட்டு, "நல்லா நரைச்சுப் போனியள் அண்ணா" என்றாள். வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். வென்ட்வேர்த்வில் கடையில் வாங்கிய மிளகாய்த்தூள், பனங்கிழங்கு ஒடியல் மா, மூன்று சுற்றுச் சுற்றிய கருவாட்டுப் பார்சல்.

"கடலுக்குப் பக்கத்தில இருக்கிறவளுக்கே கருவாடு கொண்டந்தனீங்கள்?"

"இது வேற கருவாடு" என்றேன். அவள் பார்சலை மணந்து பார்த்துவிட்டு ஃபிரிட்ஜில் வைத்தாள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கடல் எத்தனை மணிக்கு வற்றும், எத்தனை மணிக்குப் பெருகும் என்ற அட்டவணை. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் பேரனின் பள்ளிக்கூட லீவு நாட்கள் ஒட்டியிருக்கும்.

எனக்குக் கீழ்த்தளத்து அறையைத் தந்தாள். பதின்மூன்று படி இறங்க வேண்டும். சுவரில் புதுப் பெயின்ட் மணம். பெரிய கட்டில், சாமி படம் வைத்த தட்டு, வாசிக்கிற விளக்கு, இருந்து எழும்ப வசதியாக உயரமான ஒரு கதிரை. குளியலறைச் சுவரில் பிடித்து எழும்ப ஒரு கம்பி. வயது போனால் தனக்கு உதவும் என்று செய்து வைத்திருக்கிறாள், பாவம் என்று நினைத்தேன். பதின்மூன்று படி இறங்கி ஒரு கிழவி ஏன் படுக்கப் போகிறாள் என்று எனக்கு யோசனை போகவில்லை.

அடுத்த நாளே ஊர் காட்டத் தொடங்கினாள். முதலில் 'காந்த மலை' என்று ஒரு தெரு. அடிவாரத்தில் காரை நிறுத்தி, கியரை நியூட்ரலுக்கு மாற்றி, பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். கார் பின்பக்கமாக, மேட்டை நோக்கித் தானாக ஏறத் தொடங்கியது.

"பிரேக்கைப் பிடி! பிரேக்கைப் பிடி!" என்று கத்தினேன்.

அவள் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள். "இறக்கம்தான் அண்ணா. சுத்தியிருக்கிற நிலம் ஏற்றம் மாதிரிக் காட்டுது."

"அப்ப கண்ணை ஏமாத்துற வேலை எண்டு தெரிஞ்சும் இவ்வளவு சனம் லைன்ல நிக்குதோ?"

"ஓம். நாங்களும்தானே நிண்டனாங்கள்."

பின்னேரம் பெற்றிகோடியாக் ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனாள். தேநீர் நிறத்தில் சேறும் சகதியுமாக ஒரு ஆறு. கரையில் அடுத்த அலை எத்தனை மணிக்கு வரும் என்று பலகை வைத்திருந்தார்கள், எங்கள் ஸ்டேஷனில் பரமட்டா ரயிலுக்கு வைத்திருப்பது போல. வித்தியாசம், இது சொன்ன நேரத்துக்கு வந்தது. கடல் பெருகும்போது ஆற்றுக்குள் தள்ளிக்கொண்டு வருகிற ஒற்றை அலை. ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒரே கோடாக, முழங்கால் உயரம்கூட இல்லாமல், ஓட்டத்துக்கு எதிராக மேலே போனது.

"இதுக்கோ இவ்வளவு எடுப்பு?" என்றேன்.

"பொறுங்கோ" என்றாள். ஒரு மணித்தியாலம் கரையில் வாங்குப் பலகையில் இருத்தி வைத்தாள். சேறெல்லாம் மறைந்து ஆறு கரை முட்ட நிரம்பியது. நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் வீட்டுக் குசினி ஜன்னலாலும் இதே ஆறு தெரியும். அவள் அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் உலையை வைக்கிறாள் என்று இரண்டொரு நாளில் விளங்கியது. சோறு வேக வைத்துவிட்டு ஜன்னலடியில் நிற்பாள். தண்ணீர் வரும். பிறகுதான் சாப்பாடு.

இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு இடம். ஷெடியாக் என்ற ஊரில் லொறி அளவுக்கு ஒரு சிங்க இறால் சிலை, அதன் காலடியில் என்னை நிறுத்திப் படம் எடுத்தாள். மரக்கூரை போட்ட பழைய பாலம் ஒன்றுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏதாவது நேர்ந்துகொள்ளச் சொன்னாள். தங்கச்சி என்னோடு வர வேண்டும் என்று நேர்ந்தேன். பாலம் நீளம், பாதியில் இருமிவிட்டேன். அவளும் பக்கத்தில் கண்ணை மூடி ஏதோ நேர்ந்தாள். கார் ஓட்டிக்கொண்டு கண்ணை மூடாதே என்று ஏசினேன்.

எல்லா இடத்திலும் பலகைகள் இரண்டு மொழியில். 'ஸ்டாப்' என்று தெருவில் நிற்கிற சிவப்புப் பலகையில்கூட இரண்டு. சில ஊரில் ஆங்கிலம் முன்னுக்கு, சில ஊரில் பிரெஞ்சு முன்னுக்கு, எழுத்து மட்டும் ஒரே அளவு. எந்த மொழி மேலே, எது கீழே என்று பலகைக்குத் தார் பூசிய நாட்டில் பிறந்தவன் நான். முதல் இரண்டு நாளும் பலகைகளையே பார்த்துக்கொண்டு போனேன். எங்கேயாவது சுரண்டியிருக்கிறார்களா என்று தேடினேன் என்றுகூடச் சொல்லலாம்.

"இவையளையும் ஒருக்காத் துரத்தினவை அண்ணா" என்றாள் தங்கச்சி. அங்கத்தைய பிரெஞ்சுக்காரரைச் சொன்னாள். "கப்பல்ல ஏத்தி அனுப்பினவை. கன பேர் திரும்பி வந்திட்டினம்."

அவளும் நாற்பது வயதுக்குப் பிறகு பிரெஞ்சு படித்திருக்கிறாள். முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் வேலை. அங்கே சிலருக்கு வயது போகப் போக ஆங்கிலம் மறந்து பிரெஞ்சு மட்டும் மிஞ்சுமாம். சாப்பாடு வேண்டுமா என்று அவர்களின் மொழியில் கேட்டால்தான் வாயைத் திறப்பார்களாம். சனிக்கிழமைச் சந்தையில் ஒரு கிழவர் அவளைக் கண்டு ஆங்கிலத்தில் தொடங்கிப் பிரெஞ்சில் முடித்தார். இவள் பிரெஞ்சில் தொடங்கி ஆங்கிலத்தில் முடித்தாள். என்னிடம் திரும்பி "வாங்கோ அண்ணா, அங்கால போவம்" என்றாள். கிரவீனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையும் இப்படித்தான். நான் தமிழில் கேட்பேன், பேரன் இங்கிலிஷில் சொல்லுவான். எனக்கு அது குறையாகவே பட்டு வந்தது. இங்கே ஒரு மாகாணமே அப்படி, ஒருவரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

பத்தாம் நாள் ஹோப்வெல் பாறைகளுக்குப் போனோம். ஃபண்டி விரிகுடாவின் கரை. உலகத்தில் கடல் இவ்வளவு உயரத்துக்கு ஏறி இறங்குகிற இடம் வேறு இல்லை என்பார்கள். நீளமான இரும்புப் படிக்கட்டால் இறங்கினால் கடலின் தரை. கடல் வற்றிக் கிடந்தது. தலையில் மரம் முளைத்த பெரிய பெரிய பாறைகள், அடிப்பக்கம் தண்ணீர் அரித்து ஒடுங்கி நின்றன. அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகும் உயரத்தில் பாசி தொங்கியது. தண்ணீர் அதுவரைக்கும் வரும் என்றாள். இன்னும் மூன்று மணித்தியாலத்தில் நாங்கள் நின்ற இடத்துக்கு மேலால் தோணி போகும்.

எனக்கு ஒரு தைரியம் வந்தது. ஒரு பாறையில் உட்கார்ந்து ஃபோனை எடுத்தேன்.

"அதுசரி..." என்று தொடங்கினேன். "நீ இனித் தனிய இருக்கக் கூடாது. உனக்கெண்டு வீட்டுக்குப் பின்னால ஒண்டு கட்டியிருக்கிறன். குசினி மேசை உன்ரை உயரத்துக்கு..."

"தெரியும் அண்ணா. அண்ணி அத்திவாரம் போடேக்குள்ளேயே படம் அனுப்பினவா."

என் இருபது படமும் வீணாகப் போயின. அவள் ஃபோனை வாங்கி ஒவ்வொன்றாக, முதல் தரம் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்தாள். "வடிவா இருக்கு. இந்த ஜன்னலால என்ன தெரியும்?"

"வேலி."

"வேலி மட்டுமோ?"

"நல்ல வேலி. புதுசு."

அவள் சிரிக்கவில்லை. நான் மேலே சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சீருடை போட்ட ஒரு பெண் பிள்ளை வந்து, தண்ணீர் வருகிறது, எல்லோரும் மேலே ஏறுங்கள் என்று இரண்டு மொழியிலும் சொன்னாள். இரண்டிலும் நல்ல மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்கு அவளிலும் கோபம் வந்தது.

படியில் பாதியில் முழங்கால் பிடித்துக்கொண்டது. தங்கச்சி கையைத் தந்தாள். தட்டிவிட்டேன். நோவும் கோபமும் சேர்ந்தால் நான் என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது.

"நாளைக்கு நீ செத்தாத் தூக்க நாலு பேர் வேண்டாமோ?"

சொன்ன கணத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். மேலே ஏறி வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றோம். நான் இருந்த பாறை முதலில் நனைந்தது, பிறகு மறைந்தது.

"அந்த நாலு பேரும் வந்தவை அண்ணா" என்றாள் அவள், தண்ணீரைப் பார்த்தபடி. "நீங்கள் ஃபோனில பாத்தனீங்கள்தானே. கடைசித் தொங்கலில நிண்டவர் பக்கத்து வீட்டுக்காரர். ரெண்டு வருசமா என்ரை வாசல் ஸ்னோவை அவர்தான் தள்ளுறவர். தொப்பி போட்டிருந்த மனுசி என்னோட வேலை செய்யிறவா. எட்டு நாளும் வந்து சமைச்சுத் தந்தவா, புழுங்கல் அரிசி எப்பிடி வடிக்கிறதெண்டு ஆரிட்டையோ கேட்டுக்கொண்டு வந்து."

இரண்டு வருடமாக நான் அந்த ஆட்களைப் பார்த்துத்தான் என் தங்கச்சி தனியாக நிற்கிறாள் என்று அழுதிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை. வழியில் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். அவள் வாங்கிச் சாப்பிட்டாள். எங்கள் குடும்பத்தில் அதுவும் ஒரு பாஷை.

பன்னிரண்டாம் நாள் செயின்ட் ஜோன் நகரத்துக்குக் காரில் போனோம். அங்கே ஆறு கடலில் விழுகிற இடத்தில் ஒரு பாறைக் கணவாய். கடல் வற்றியிருக்கும்போது ஆறு கடலை நோக்கி நுரை தள்ளிப் பாய்கிறது. கடல் பெருகும்போது தண்ணீர் திரும்பி ஆற்றுக்குள் மேல்நோக்கிப் பாய்கிறது. இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் எந்தப் பக்கமும் போகாமல் நிற்கிறது. அந்த நேரம் பார்த்துத்தான் தங்கச்சி கூட்டி வந்திருந்தாள். நாங்கள் பாலத்தடியில் நின்றோம். தண்ணீர் கிணறுபோல அமைதியாகக் கிடந்தது.

"அதுசரி..." என்றாள் தங்கச்சி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டில் அந்தச் சொல் சும்மா வருவதில்லை.

"கீழ் அறை உங்களுக்குப் பிடிச்சதோ?"

"நல்ல அறை. ஏன்?"

"உங்களுக்கும் அண்ணிக்கும்தான் செய்வித்தனான். வேலையில இருந்து நிண்டிட்டியள், அங்க இருந்து என்ன செய்யப் போறியள்? பேரனும் வளந்திடுவான். அந்தக் கதிரை உங்கட முழங்காலுக்கெண்டு உயரம் பாத்து எடுத்தது. அண்ணிதான் அளவு சொன்னவா."

"என்னைக் கேட்டனியோ?" என்று சத்தம் போட்டேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதிலும் விழுந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. பாலத்தில் நின்ற சனம் ஆற்றை விட்டுவிட்டு எங்களைப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். நான் பத்து நாளாகக் கதையெடுக்க நேரம் பார்த்துத் திரிந்திருக்கிறேன், அவள் பன்னிரண்டு நாளாகப் பார்த்துத் திரிந்திருக்கிறாள். என்னை மலையென்றும் பாலமென்றும் இழுத்துத் திரிந்தது, இடம் பிடித்தால் இருந்துவிடுவேன் என்றுதான். நடுவில் என் மனைவி இரண்டு பக்கத்துக்கும் அளவு கொடுத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் போல இருந்திருக்கிறாள்.

"பாலத்துக்குள்ள என்ன நேந்தனி?"

"நீங்கள் நேந்ததுதான். நான் இருமேல்லை."

நாங்கள் சிரித்து முடிக்கும்போது ஆறு திரும்பிப் பாயத் தொடங்கியிருந்தது. அவள் கண்ணைத் துடைத்தாள். எனக்கு அவளில் அவ்வளவு பாசம் வந்தது. அறுபது வயதை எட்டுகிறவள். கூடப்பிறந்தவர்கள் வேறு ஒருவரும் இல்லாத எங்களுக்கு நாங்கள்தான் மிச்சம், உலகத்தின் இரண்டு தொங்கலில் ஆளுக்கொரு அறையைக் கட்டி வைத்துக்கொண்டு மற்றவர் வருவார் என்று இருக்கிறோம்.

அவள் வரவில்லை. நானும் அங்கே நிற்கவில்லை. விமான நிலையத்தில் ஒரு பொதி காய்ந்த கடற்பாசி தந்தாள். அங்கே அதைச் சும்மா மெல்லுவார்கள். "இது வேற கருவாடு" என்றாள். சிட்னியில் சுங்கத்தில் எழுதிக் காட்டினேன். அங்கே நின்ற அதிகாரி மணந்து பார்த்து முகத்தைச் சுளித்து, விட்டான்.

வந்து எட்டு மாதமாகிறது. ஸ்ட்ராத்ஃபீல்டில் படிக்கிற இரண்டு பெடியள், யாரோ சொல்லி, கிரானி பிளாட் வாடகைக்கு இருக்கிறதா அங்கிள் என்று கேட்டு வந்தார்கள். ஆள் இருக்கிறது என்றேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க அங்கிள்?" என்றான் ஒருவன். வருவா என்றேன். எங்கள் ஃபிரிட்ஜிலும் இப்போது பேரனின் லீவு நாட்களுக்குப் பக்கத்தில் ஃபண்டி விரிகுடாவின் அட்டவணை ஒட்டியிருக்கிறது. இங்கே தேநீர் குடிக்கும்போது அங்கே தண்ணீர் எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியும். என்ன பிரயோசனம் என்று பேரன் கேட்டான், இங்கிலிஷில். பிரயோசனம் இல்லை என்றேன், தமிழில்.

போன ஞாயிற்றுக்கிழமை காலமை தங்கச்சி ஃபோன் எடுத்தாள். அங்கே சனி பின்னேரம், ஆறு நிரம்புகிற நேரம்.

"அண்ணா, அந்தக் குசினி ஜன்னல் எத்தினை அடி அகலம்?"

"ஏன்?"

"சும்மா. திரைச்சீலை ஒண்டு தைச்சு வைக்கலாமெண்டு. அந்த வேலியைப் பாத்துக்கொண்டு என்னெண்டு சமைக்கிறது."

நான் டேப்பை எடுத்துக்கொண்டு பின்வளவுக்கு ஓடினேன். மனைவி மற்றத் தொங்கலைப் பிடித்தாள். மூன்று தரம் அளந்தோம். அளவைச் சொன்னேன். அவள் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

"அதுசரி அண்ணா" என்றாள். "இஞ்ச கீழ போற படிக்கு ஒரு பக்கம்தான் கைபிடி கிடக்கு. உங்கட முழங்காலுக்கு மற்றப் பக்கமும் ஒண்டு போடட்டோ?"

வாழ்க்கையில் முதல் தரமாக என்னைக் கேட்டுச் செய்கிறாள்.

"போடு" என்றேன்.